படம் வரட்டும்

அன்று காலை முனியாண்டி கோயில் முன்னால் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி. நுரையீரல் சரியில்லாதவள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் அரிசித் தட்டு.

அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். வாய் ஓயாத மனிதர்.

பூசாரி. தம்பின் ஊரிலிருந்து வந்திருந்தார்.

நான். பஸ் டிரைவர்.

டிஷ்காரர்.

வேறு யாரும் இல்லை. கோயில் இருக்கும் தோட்டத்து லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஆட்கள் பாயா ரும்புட், பத்து பெரண்டாம் என்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

நான் எழுதுவது, வீட்டுக் கூரைகளில் டிவி தட்டு வைக்கிற இந்த டிஷ்காரரைப் பற்றி. பெயர் தெரியாது. கேட்டதில்லை. என் போனில் ‘டிஷ்’ என்றுதான் இருக்கிறது. அந்த நம்பர் இப்போது போவதில்லை. ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, தவறிவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நான் தேடிப் போகவில்லை. போயிருக்கலாம்.

மெலிந்த ஆள். எந்த வெயிலிலும் கைநீளச் சட்டைதான். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருப்பார். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் அலுமினிய ஏணி கட்டியிருக்கும். கழுத்தில் ஒரு திசைகாட்டி தொங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற சாமான். கூரை மேல் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். மத்தியானத் தகரம் எப்படிச் சுடும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். கேட்டால், “வீட்டுக்கு இது தலை. மிதிக்கிறதே தப்பு. செருப்போட வேறயா?” என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தட்டு வைக்கப் போன வீட்டில் படம் வரும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் போதாது. அவர் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்த பிறகு எதைக் கொடுத்தாலும் குடிப்பார்.

நான் முதலில் அவரைப் பார்த்தது புலாவ் செபாங் பக்கம், இதே தோட்டத்தில், என் மாமியார் வீட்டில். அப்போது லயம் இருந்தது. டிவிக்குக் கூரையில் தட்டு வைப்பது புதிது. என் மகன் தவழ்கிற பிள்ளை. அவர் மத்தியானம் வந்தார். தட்டை முடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேரம் விடவில்லை. வாசலில் குந்தியிருந்தார். மாமியார் கோப்பி கொண்டுபோனார்.

“படம் வரட்டும்மா.”

“என்னா படம்? நனைஞ்சுபோய் கெடக்கீங்க. குடிங்க முதல்ல.”

“வரட்டும்மா.”

கோப்பி ஆறியது. சுடவைத்துக் கொண்டுபோனார். மறுபடியும் ஆறியது. நாலாம் தடவை மாமியார் கோபத்தில் குவளையை அவர் பக்கத்தில் தொப்பென்று வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். மழை விட்டது. அவர் ஏறினார், திருகினார், இறங்கினார். வீட்டில் இருந்த எல்லாரையும் பாயில் உட்காரச் சொன்னார். என்னையும்.

“எல்லாருக்கும் தெரியுதா?”

தெரிந்தது. அவரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு வெளியே போய் அந்தக் குவளையை எடுத்தார். கோப்பியில் ஒரு ஈசல் விழுந்திருந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடித்தார்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. பத்து பெரண்டாமில் என்னோடு பெக்டரி பஸ் ஓட்டிய ஒருவர் வீட்டுக்கும் அவர்தான் வைத்தார். அன்று அங்கே புருஷன் பெண்டாட்டி சண்டை. நண்பர் வாசலிலேயே நின்று, “படம் நல்லாருக்கு, நீங்க போங்கலா” என்று கதவைச் சாத்திவிட்டார். டிஷ்காரர் போகவில்லை. கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். வெளியே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே எப்படிச் சத்தம் போட்டுச் சண்டை போடுவது? கடைசியில் அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள்.

“வாங்கண்ணே. வந்து பாத்துட்டுப் போங்க. எங்க சண்டையும் முடிஞ்சிருச்சு.”

“தொல்ல புடிச்ச மனுஷன்” என்று நண்பர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வீட்டில் டிஷ்காரர், தட்டை மறைத்த பக்கத்து வீட்டு மாமரத்தின் ஒரு கிளையைக்கூட வெட்டவிடவில்லை. தட்டைக் கழற்றிக் குளியலறைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். “மரம் அதுபாட்டுக்கு நிக்குது. நாமதான் நவுரணும்” என்றாராம்.

எனக்கு அவரிடம் வேலை வந்தது வெகுகாலம் கழித்து. பஸ்ஸைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

பெக்டரி ஆட்களை ஏற்றி இறக்கிய பஸ் அது. நான் ஓய்வுபெற்றபோது பஸ்ஸும் ஓய்வுபெற்றது. நானே எடுத்துக்கொண்டேன். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டேன். கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, கூடுதலாக இரண்டு பேட்டரி. என் மனைவியால் ரொம்ப நேரம் உட்கார முடியாது. மூச்சு வாங்கும், படுக்கவேண்டும். ஆனால் கோயில் கோயிலாகப் போக ஆசை. அதற்காகச் செய்தேன். படித்தவர்கள் மோட்டார்ஹோம் என்றார்கள். மச்சான் ‘ஓடுற லயம்’ என்றார்.

என் மகன் கடல் தாண்டி, பெர்த்தில் சுரங்க லாரிகளுக்கு மெக்கானிக். அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம் முடிவானது. என் மனைவி விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே வைத்துக்கொள்ளத் தேதியைத் தள்ளினால் அடுத்த வருடம் ஆகும். “என்னால புள்ள கல்யாணம் நிக்கக்கூடாது” என்றாள். அவளைத் தனியே விட்டுவிட்டு நானும் போகமாட்டேன்.

அது மட்டுமென்றால் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்திருப்போம். ஆனால் ஒரு வேண்டுதல் இருந்தது. மகனுக்கு மூன்று வயதில் ஜுரம் வந்து இழுத்தது. பிழைக்கமாட்டான் என்றார்கள். என் மனைவி முனியாண்டி முன்னால் போய் விழுந்தாள். ‘இவனைக் கொடு. இவன் கட்டுற தாலியை உன் கண் முன்னால கட்டவைக்கிறேன்’ என்றாள். பிள்ளை பிழைத்துவிட்டான்.

இப்போது முனியாண்டி இங்கே, பிள்ளை பெர்த்தில்.

பூசாரியிடம் போனோம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். தாலியை ஒரு நாள் சாமி காலடியில் வைத்துப் பிறகு அனுப்பலாம். ஆனால் கட்டுகிற நேரத்தில் தாய் சாமி முன்னால் இருந்து பார்க்கவேண்டும். முடிச்சு விழும்போது அரிசி போடவேண்டும்.

“வீடியோ புடிச்சு அப்பறமா பாக்கலாமா சாமி?” என்று மச்சான் கேட்டார்.

“அப்பறமா பாத்தா அது சினிமா. கட்டுறப்ப பாக்கணும்.”

கோயில் இருப்பது பள்ளத்தில். சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. போனில் லைன் ஒரு கோடுகூட வராது. அப்போதுதான் வானத்திலிருந்து இன்டர்நெட் எடுக்கிற தட்டைப் பற்றி மகன் சொன்னான். வாங்கி அனுப்பியும்விட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும்.

அவர் எங்கள் வீடு இருக்கும் பாயா ரும்புட்டுக்குக் காலை பத்து மணிக்கு வந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பெட்டியைத் திறந்தார். உள்ளே சதுரமாக, தட்டையாக, வெள்ளைப் பலகைபோல ஒன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்துத் திசைகாட்டியைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டுத் தட்டுகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். பாதி அவர் வைத்தவை. அவற்றைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடி போட்டு, போனில் இருந்த குறிப்புகளை ஒரு மணி நேரம் படித்தார். உதடு அசைந்தது.

“எந்தப் பக்கம்ணே திருப்பணும்?” என்றேன்.

“எந்தப் பக்கமும் இல்ல தம்பி. டிவி சேட்டலைட் ஒரே எடத்துல நிக்கும். இது ஓடிக்கிட்டே இருக்கு. ஒன்னு போனா இன்னொன்னு வரும். பழசுக்கு ஒரு சன்னல் தொறந்திருந்தாப் போதும். இதுக்கு மொத்த ஆகாசமும் தெரியணும்.”

திசைகாட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு பஸ் கூரை மேல் ஏறினார். துளை போட வேண்டாம் என்றார், மழைத் தண்ணீர் இறங்குமாம். சாமான் வைக்கிற கம்பியில் கவ்வி போட்டுப் பலகையை இறுக்கினார். சன்னல் ரப்பர் வழியாக வயரை உள்ளே விட்டார். கட்டிலுக்குக் கீழே வெள்ளைப் பெட்டியை வைத்தார். பேட்டரியில் போட்டுப் பார்த்தார். மின்விசிறியும் இதுவும் சேர்ந்து ஓடினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று போட்டுவிட்டுக் காத்திருந்தார். என் மனைவி தேநீர், எங்கள் பேச்சில் தே, கலக்கிக்கொண்டு வந்தாள்.

“வரட்டும் தங்கச்சி.”

“வந்துருச்சுண்ணே. பேசிட்டேன் மவன்கிட்ட.”

“நீங்க பேசுனீங்க. நான் பாக்கலியே.”

காத்திருந்த நேரத்தில்தான் எங்கள் இரண்டு பேரிடமும் காரணத்தைச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்தில் ஒரு பெரியவருக்குத் தட்டு வைத்தார். ரப்பர் மரம் சீவி ஓய்ந்த மனிதர். தனி ஆள். டிஷ்காரர் கூரையில் இருந்தபடியே, “தெரியுதா ஐயா?” என்றார். “தெரியுதுப்பா, நல்லாருக்கு” என்று பெரியவர் சொன்னார். நேரமாகிவிட்டது. இறங்கியவர் டிவியைப் பார்க்காமலே போய்விட்டார். ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு வேலைக்கு வந்தபோது எட்டிப் பார்த்தார். டிவியில் வெறும் நீலம். பெரியவர் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. சொல்ல வெட்கம். படம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாரோ, இல்லை தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ. ஆறு மாதமும் சாயங்காலம் சட்டை போட்டுக்கொண்டு அந்த நீலத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். லயத்து ஆட்களிடம் படம் பிரமாதம் என்றும் சொல்லியிருக்கிறார்.

“அன்னைக்கு அவரு வீட்டுல மைலோ குடிச்சிட்டுத்தான் போனேன்” என்றார். எழுந்து போய்ப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மகன் முகம் போனில் அசையாமல், தெளிவாக வந்தது. அவர் பார்த்தார். தே குடித்தார்.

கிளம்பும்போது கேட்டார்.

“அங்க எங்க நிறுத்துவீங்க?”

“கோயில் முன்னால.”

“மரம் இருக்கா?”

“ஒரு மரம் இருக்கு.”

நான் அதிகம் பேசுகிற ஆளில்லை. அன்று இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கவேண்டும். ஒரு மரம்தான், உண்மை. ஆனால் அது தூங்குமூஞ்சி மரம். வெள்ளைக்காரன் காலத்தது. கோயில், முற்றம், பக்கத்துப் பாதை எல்லாம் அதன் நிழலில் அடங்கும்.

“கல்யாணத்தன்னைக்கு நானும் வரேன்” என்றார் அவர்.

“எதுக்குண்ணே? அதான் வந்துருச்சே.”

“இங்க வந்துச்சு. அங்க பாக்கலியே.”

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே பஸ்ஸைக் கொண்டுபோனேன். வீடாக மாற்றிய பஸ் எங்களுக்குப் புது வண்டிதான், அது சாமிக்கு முகம் காட்டி நிற்கவேண்டும். பக்கவாட்டில் நிறுத்தக்கூடாது. அதனால் மரத்துக்கு அடியில், முனியாண்டிக்கு நேராக மூக்கை வைத்து நிறுத்தினேன். பூசாரி சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். ஒரு சாண் ஏற்றி நசுக்கினேன். அங்கேயே தங்கினோம். மழை பெய்தது. இன்டர்நெட் போட்டுப் பார்த்தேன். விட்டு விட்டு வந்தது. மழைக்கு டிவி தட்டு போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். விடிந்தால் சரியாகிவிடும் என்று படுத்தேன்.

விடிந்தது. மழை இல்லை. அப்போதும் விட்டு விட்டுத்தான் வந்தது. பின்சக்கரம் இரண்டும் செம்மண்ணில் பாதி இறங்கியிருந்தன. எஞ்சினைப் போட்டேன். இன்னும் இறங்கியது.

மச்சான் சுற்றி வந்து பார்த்தார். “நாப்பது வருஷம் பஸ் ஓட்டுன ஆளு. மண்ணு பாத்து நிறுத்தத் தெரியல.”

“சாமிய பாத்து நிறுத்துனேன்” என்றேன்.

டிஷ்காரர் ஏழரைக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பஸ்ஸைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுவா தம்பி ஒரு மரம்?”

நான் புதைந்த சக்கரத்தைக் காட்டினேன்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து வரை. பெர்த்துக்கும் எங்களுக்கும் ஒரே மணி. மச்சான் வழி சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை வெட்டுகிற ஆட்களிடம் மெஷின் வாள் இருக்கிறது, நாலு கிளையை இறக்கினால் வானம் தெரியும்.

பூசாரி குறுக்கே வந்து நின்றார். “முனி மரத்துல வாள் வைக்கிறதா? வச்சிட்டு நீங்க வீடு போய்ச் சேருவீங்களா?”

“மரத்துல ஒன்னும் கை வைக்காதீங்க” என்றார் டிஷ்காரர். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

பஸ் கூரை மேல் ஏறிப் பலகையைக் கழற்றினார். வயரை முழுக்க இழுத்தார். நிழலைத் தாண்டிக் கொண்டுபோகப் பார்த்தார். வயர் முடிந்த இடம் ஒரு வாய்க்கால் கரை. நிழல் அங்கே முடிந்தது. ஆனால் அங்கே புதுநடவுச் செம்பனை. ஆளை மூடுகிற உயரத்துக்கு மட்டைகள். தரையில் வைத்தால் மட்டை மறைத்தது. ஏணியைச் செம்பனையில் சாய்த்து ஏறினார். மட்டைக்கு மேலே தலை வெளியே வந்ததும் வானம் திறந்திருந்தது. பலகையை ஏணியில் கயிறு போட்டுக் கட்டினார். சரிந்தது. மறுபடி கட்டினார். மட்டையில் காற்றடித்து மறுபடி சரிந்தது. மணி எட்டு ஐம்பது.

“விடுங்க. நான் வச்சிக்கிறேன்.”

மோட்டார் சைக்கிளில் கிடந்த ஒரு சாக்கை நாலாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். பலகையை அதன்மேல் படுக்கவைத்தார். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் பலகையை.

இங்கே கோயில் படியில் ஒரு ஸ்டூல் வைத்து என் போனைச் சாய்த்துவைத்தோம்.

“கொஞ்சம் திருப்பி வைங்க” என்றார் பூசாரி. “சாமிக்கும் தெரியணும்.”

“சாமி எட்டிப் பாத்துக்கும். மொதல்ல நீங்க நவுருங்க, உங்க முதுகுதான் மறைக்குது” என்றார் மச்சான்.

ஒன்பது பத்துக்கு மகன் போனில் வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. என் மனைவி கையை மட்டும் போன் பக்கம் நீட்டினாள்.

“படம் இருக்கா?” வாய்க்கால் பக்கமிருந்து குரல்.

“இருக்கு!” என்றேன்.

பெண் வந்தாள். சிரித்த முகம். ஐயர் ஏதோ சொல்ல அவர்கள் ஏதோ செய்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அவர் கேட்பார். நான் சொல்வேன். அவர் நின்ற இடத்திலிருந்து போன் தெரியாது. மட்டைகளுக்கு மேலே வெள்ளைப் பலகையும், கீழே ஏணியில் இரண்டு காலும்தான் எங்களுக்குத் தெரிந்தன.

“ஆடாம நில்லுங்கண்ணே! மாப்பிள்ள ரெண்டா தெரியிறாரு!” என்று மச்சான் கத்தினார்.

ஒன்பது நாற்பது. ஐயர் தாலியை எடுத்து எல்லாரிடமும் தொடக் கொடுத்தார். மகன் கையில் வந்தது. மேளம் வேகம் பிடித்தது. அவன் குனிந்தான்.

படம் நின்றுவிட்டது.

மகன் குனிந்தபடியே நின்றான். மேளமும் நின்றது. என் மனைவி அரிசியை அள்ளிய கையோடு என்னைப் பார்த்தாள்.

“போச்சு!” என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அதற்கு முன் இல்லை.

“இப்ப?”

“இல்ல!”

ஏணி ஆடியது. அவர் ஒரு படி மேலே ஏறினார். பிடித்துக்கொள்ள அதற்குமேல் ஒன்றுமில்லை. ஏணியை விட்டார். பலகையை இரண்டு கையாலும் தலைக்குமேலே தூக்கினார்.

“இப்ப?”

“இல்லண்ணே!”

“இப்ப?”

மேளம் வந்தது. மகன் அசைந்தான். முதல் முடிச்சு. அவன் கை நடுங்குவது தெரிந்தது. இரண்டாவது. மூன்றாவதை நாத்தனார் முறைக்கு யாரோ ஒரு பெண் போட்டாள். என் மனைவி அரிசியைப் போட்டாள். போன் மேல் பாதி, முனியாண்டி மேல் பாதி. பூசாரி மணி அடித்தார். அவள் அழவில்லை. மூச்சுதான் வாங்கியது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

மருமகள் போனை வாங்கி “அத்தே” என்றாள். மனைவி பேசினாள். பெண்ணின் அப்பா பேசினார். மச்சான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு பெர்த்தில் என்ன சாப்பாடு என்று ஒவ்வொரு பதார்த்தமாகக் கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் வந்து கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். நடுநடுவே, “படம் இருக்கா?” என்று சத்தம் வந்தது. யாராவது, “இருக்கு இருக்கு” என்றோம். இறங்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே ஞாபகம் வந்தபோது மணி பத்தரை.

ஓடினேன்.

“எறங்குங்கண்ணே. முடிஞ்சிருச்சு.”

“முழுசா வந்துச்சா?”

“வந்துச்சு.”

பலகையை வாங்கிக்கொண்டேன். அவர் கை மேலேயே நின்றது, மடங்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன். அப்போதுதான் ஏணியைப் பார்த்தேன். கீழிருந்து மேல்வரை சிவப்பு எறும்பு. கெரெங்கா. செம்பனையில் கூடு கட்டியிருந்தது. ஏணி அதன்மேல்தான் சாய்ந்திருந்தது. சுருட்டிய கால்சட்டைக்குக் கீழே அவர் கால் முழுக்க மொய்த்திருந்தது. தட்டிவிட்டேன். பாதி கடித்த வாயோடு அப்படியே தொங்கின.

“சொல்லக்கூடாதாண்ணே?”

“கால ஒதறுனா மேல ஆடும் தம்பி.”

பஸ் படியில் உட்காரவைத்தேன். மனைவி மெல்ல நடந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலைப் பார்த்தாள். ஒரு பெரிய குவளைத் தண்ணீரை நீட்டினாள். அவர் உதடு வெடித்திருந்தது. குவளையைப் பார்த்தார். வாங்கவில்லை.

“நான் பாக்கலியே தங்கச்சி.”

“முடிஞ்சிருச்சேண்ணே. இனிமே எங்க போய்ப் பாப்பீங்க?”

“யாரும் வீடியோ புடிச்சு வைக்கலியா?” என்று மச்சானைக் கேட்டாள். மச்சான் தலையைச் சொறிந்தார். இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, அங்கே எடுத்தது வந்து சேர நாளாகும்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் தாங்கவில்லை.

“உக்காருங்க” என்றாள் என் மனைவி. “நான் சொல்றேன், கேளுங்க. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பொரை இல்ல. பொய் சொல்ல மாட்டேன். இந்தா, முனியாண்டி முன்னாலதான் இருக்கேன்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

“பொண்ணுக்கு அரக்குச் சேல. மஞ்சக் கரை. மவனுக்கு வேட்டி எடுப்பா நிக்கல, இடுப்புல ஒரு கை புடிச்சிக்கிட்டே இருந்தான்.”

“தெளிவா இருந்துச்சா? கட்டம் கட்டமா ஒடையலியே?”

“ஒடையல. பொண்ணு காதுல ஜிமிக்கி ஆடுறது தெரிஞ்சிச்சு.”

“சத்தம்?”

“மேளம் கேட்டுச்சு. ஐயரு இருமுனது கேட்டுச்சு. நடுவுல ஒரு தடவ நின்னுச்சு. நீங்க தூக்குனதும் வந்துருச்சு. மொத முடிச்சுல அவன் கை நடுங்குச்சு. ரெண்டாவதுல பொண்ணு ஏதோ சொல்லிருச்சு, அவன் சிரிச்சிட்டான். எனக்கு அது போதும்ணே.”

அவர் கையை நீட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. அவள் குவளையைக் கையில் வைத்தாள். நிறுத்தாமல் குடித்தார். தண்ணீர் சட்டையில் வழிந்தது.

“இன்னும் சொல்லுங்க” என்றார்.

அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மணவறையில் கட்டியிருந்த பூ என்ன நிறம், யார் யார் முன்வரிசையில் இருந்தார்கள், மருமகள் எப்படி “அத்தே” என்றாள். நான் விரலில் தைலத்தைத் தொட்டு ஒவ்வொரு தடிப்பிலும் வைத்தேன். வைக்க வைக்க எண்ணினேன். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலும் சேர்த்து, எண்பத்து மூன்று.